பிசிறு எடுத்த விரல்

அன்று வார விடுமுறை. ஒரகடம் ஹாஸ்டல் அறையில் கனிஷ்காவும் நாச்சியாரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, மீனம்மாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"நாச்சியாரு, எங்க வூட்டுக்காரரு சிலையில ரெண்டு விரல அறுத்துட்டாங்கம்மா! அருள்பாண்டிதான்னு தளவாய் சொல்லுது. நாலு மணிக்கு போலீசு வருது. அந்தப் புள்ள செஞ்சிருக்காது."

தொழிற்சாலையில் நாச்சியாருக்குத் தரம் பார்க்கும் வேலை. பொருளைக் கையில் வாங்கினால், பழுது எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று சொல்லிவிடுவாள். உடனே எழுந்தாள். கனிஷ்கா அவளுக்கு முன்னால் படியிறங்கினாள்.

சிற்பியின் தகரக் கொட்டகையில் மீனம்மாளின் கணவர் ரத்தினத்தின் வெண்கலச் சிலை நின்றது. தொழிலாளிகளுக்காகப் பேசிப் பேசியே மூன்று வருடத்துக்கு முன் செத்துப்போன மனிதர். சிற்பி பீடக்கல் எடுக்கக் காலையிலேயே தண்டலம் போய்விட்டார். அதன்பின் உள்ளே வந்தவர்கள் இரண்டே பேர்: சிலைக் கமிட்டிச் செயலாளர் தளவாய், பேக்கிங்கில் வேலைபார்க்கும் அருள்பாண்டி. இருவரும் சிலைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள்.

சிலையின் இடது கைமேல் மீனம்மாள் போட்டிருந்த துண்டை விலக்கி, அறுபட்ட இடத்தை நாச்சியார் கட்டைவிரலால் தடவினாள்.

"ப்ரெஸ் மிஷின்ல அவருக்குப் போனதும் இதே ரெண்டு விரல்தாம்மா" என்றாள் மீனம்மாள். "அளவுகூட அதே. எப்பவும் துண்டு போட்டு மூடிக்கினு இருப்பாரு, போட்டோலகூடத் தெரியாது. சிலைக்கு இடம் குடுத்த கம்பெனி, கை முழுசா இருக்கணும்னு சொல்லிச்சு."

"ஏக்கா, ஹாஸ்டல் பைப்பு அறுக்க ப்ளேடு எடுக்கத்தான் வந்தேன்" என்றான் அருள்பாண்டி. "நான் வேலைக்குச் சேந்தே ஒரு வருசந்தான். அவுகளப் பாத்ததுகூட இல்லக்கா."

"ப்ளேடு இவன் பையிலதான இருந்துச்சு? இன்னும் இன்னா பேச்சு?" என்றார் தளவாய்.

நாச்சியார் ஒரு பித்தளைக் கம்பியை நீட்டினாள். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு துண்டு அறுங்கண்ணே. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கணும்."

அருள்பாண்டி அறுத்து அப்படியே கொடுத்தான். விளிம்பில் நின்ற பிசிறு கனிஷ்காவின் விரலைக் கீறியது. தளவாய் அறுத்தார், மேசைமேல் கிடந்த அரத்தை எடுத்து நாலு தேய்ப்புத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு நீட்டினார்.

"அரம் போடச் சொல்லலையே அண்ணே?" என்றாள் நாச்சியார்.

தளவாயின் கை நீட்டியபடியே நின்றது.

"அறுத்தவனே பிசிறு எடுக்கணும், அடுத்த ஆள் கை கிழியக் கூடாது. ப்ரெஸ் லைன்ல ரத்தினம் அண்ணன் வச்ச சட்டம். நீங்க அவர் லைன்ல இருந்தவரு. சிலையில அறுத்த இடம் வழுவழுன்னு இருக்கு. நாசம் பண்ண வந்தவன் எதுக்குப் பிசிறு எடுக்கான்? துண்டுக்குள்ள இருந்த விரலோட அளவு இந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?"

தளவாய் சாப்பாட்டுப் பையைத் திறந்து இரண்டு வெண்கல விரல்களை மேசைமேல் வைத்தார்.

"அன்னிக்கு மிஷின்ல மாட்டினது என் கை. அண்ணன் இழுத்து வுட்டாரு. அவரு விரலு போச்சு. முழுக் கைக்கு ஒத்துக்கினு கையெழுத்துப் போட்டதும் நான்தான். சிலையப் பாத்தப்ப, அப்படி ஒண்ணு நடக்கவேயில்லன்ற மாதிரி இருந்துச்சு. தாங்கல."

"அப்ப இந்தப் பையன்?" கனிஷ்கா கேட்டுவிட்டாள்.

"என் சூப்பர்வைசர் வேலை பூடும்னு பயந்துட்டேன்மா."

மீனம்மாள் அவர் கையையே பார்த்தாள். ஐந்து விரலும் இருந்தன.

"அவரு மீட்டுக் குடுத்த கைடா இது. இத்த நீட்டித்தான் அந்தப் புள்ளயக் காட்டினியா?"

வாசலில் ஜீப் நின்றது. யாரும் சொல்லாமலே தளவாய் முதலில் வெளியே நடந்தார்.

மீனம்மாள் துண்டை மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். சிலையின் கையைத் திரும்ப மூடவில்லை.