மேல் பொத்தான்

காலை 11.32. ஜொய்சனின் கழுத்தில் சங்கிலி இல்லை.

அதைக் கண்டுபிடித்தது அவனைக் கூட்டிப்போக வந்த தாய் டினோஷா. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றியவள் போட்ட சத்தத்தில் முன்பள்ளிப் பிள்ளைகள் அத்தனையும் பாட்டை நிறுத்தின.

11.40. தலைமை ஆசிரியை மார்கிறட், ஆயம்மா கேதீஸ்வரியின் கைப்பையை எல்லோர் முன்னாலும் மேசையில் கவிழ்த்தாள். சாப்பாட்டுப் பெட்டி, சீப்பு, தலைவலிக் குளிசை. சங்கிலி இல்லை. ஆனாலும் வாசலில் நின்ற பெற்றோரின் வாய்க்கு மூடி போட முடியுமா? பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிட்டவள் அவள்தானே!

கையில் வெற்று விண்ணப்பப் படிவத்துடன், மகளோடு நின்றிருந்தாள் சுஜீவா. அவள் பொலிஸ் சார்ஜன்ட். லீவு நாளையோடு முடிகிறது. மூன்று வயது மகளுக்காக அவள் ஏறி இறங்கும் மூன்றாவது நேசரி இது. முதலாவதில் கேற்றுக்குப் பூட்டு இல்லை. இரண்டாவதில் ஆங்கிலப் பாட்டு அமோகம், கழிவறை நாற்றம் அதைவிட அமோகம். இங்கேதான் மகள் அழாமல் ஒருத்தியின் இடுப்பில் ஏறினாள். அது கேதீஸ்வரியின் இடுப்பு. அவள் கள்ளியென்றால் பிள்ளையை எங்கேதான் விடுவது?

"கொஞ்சம் நில்லுங்க. நான் பொலிஸ்" என்றாள் சுஜீவா. "சங்கிலியக் கடைசியாக் கண்டது ஆரு?"

"நான்" என்றான், டினோஷாவை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றி வந்திருந்த ஜொய்சனின் தகப்பன் அன்ரோ. "எட்டு மணிக்கு நான்தான் கொண்டுவந்து விட்டன். அப்ப கழுத்தில கிடந்தது."

"நீங்க?"

"எனக்கு நேற்றுப் பகலும் ராவும் ஆஸ்பத்திரியில டியூட்டி, மிஸ்" என்றாள் டினோஷா. "நேற்றுக் காலம வெளிக்கிடக்குள்ள அவன்ட கழுத்தில கண்டன்."

"ஆயம்மா?"

"நான் காணல்ல. மேல் பொத்தான் பூட்டிக் கிடந்திச்சி. முகம் கழுவக் கழட்டப் போனன், எரியுதெண்டு அழுதான். விட்டுட்டன்."

"நல்ல கதை" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

11.48. சுஜீவா ஜொய்சன் முன்னால் முழந்தாளிட்டாள். கழுத்திலும் நெஞ்சிலும் வேர்க்குரு. அதன்மேல் இளஞ்சிவப்பு மருந்து பூசிக் காய்ந்திருந்தது. கொலர் உரசிய இடத்தில் மட்டும் பட்டையாக அழிந்திருந்தது. விரலால் தொட்டாள். மருந்து மாவாக ஒட்டியது.

"இது பூசினது ஆரு?"

"நான், காலம" என்றான் அன்ரோ. "சங்கிலியக் கழட்டிப் பூசி, காஞ்சாப்போல திரும்பப் போட்டன்."

"இந்த வெக்கையில, வேர்க்குருவோட, மேல் பொத்தானையும் பூட்டி விட்டீங்களா?"

அன்ரோ மகனின் பொத்தானைத் திரும்பப் பூட்டப் போனான்.

சுஜீவா விரலை எல்லோருக்கும் காட்டினாள். "தொட்டாலே உதிருற மருந்து. கொலர் உரசினதுக்கே அடையாளம் கிடக்கு. மூண்டரை மணித்தியாலம் குதிச்ச புள்ளையின்ட நெஞ்சில சங்கிலி ஆடியிருந்தா அந்த இடமும் அழிஞ்சிருக்க வேணும். ஒரு கீறும் இல்ல. சங்கிலி இண்டைக்கு இந்த வாசலுக்கே வரல்ல. அது இல்லாதது தெரியக் கூடாதெண்டு பொத்தானைப் பூட்டினது நீங்கதான்."

அன்ரோ தலையைக் குனிந்தான். "நேற்றுப் பின்னேரம் கல்லடிக் கடலில குளிக்கக் கொண்டு போனன். ஒரு அலைதான் அடிச்சது, சங்கிலியக் காணல்ல. பொழுது படுமட்டும் தேடினன். ஞானஸ்நானத்துக்குப் போட்ட சங்கிலி. இவக்கிட்டச் சொல்லப் பயந்திட்டன். நேசரியில துலைஞ்சதெண்டா ஒருத்தர்லயும் பழி வராது எண்டு நினைச்சன்."

"வந்திச்சே. அவட பையக் கவிட்டாங்களே. அப்பவும் பேசாமத்தானே நிண்டீங்க" என்றாள் டினோஷா. அவளுக்குக் குரல் உடைந்தது. அது சங்கிலிக்காக இல்லை.

12.05. பெற்றோர் மெல்ல நழுவத் தொடங்கினர். கேதீஸ்வரி பொருட்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுத் தோளில் கொழுவினாள்.

"மனசில வச்சிக்காதீங்க, கேதீஸ்" என்றாள் மார்கிறட், தாழ்ந்த குரலில்.

"மெதுவாச் சொல்றீங்க, ரீச்சர். பையக் கவிட்டது எல்லாருக்கும் முன்னாலதானே."

இவள் போனால் நானும் போகத்தான் வேண்டும் என்று சுஜீவா நினைத்தாள். நாலாவது நேசரி தேட நாளில்லை.

மார்கிறட் போய்ப் பள்ளி மணியை அடித்தாள். கேற்றடியில் நின்றவர்கள் திரும்பி வந்தார்கள்.

"கேதீஸ்வரி களவெடுக்கல்ல. அவட பையக் கவிட்டது நான் செஞ்ச பிழை. உங்க எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன்."

சுஜீவாவின் மகள் கேதீஸ்வரியைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கை கழுவிட்டு வாறன், மகள்" என்ற கேதீஸ்வரி, பையைத் திரும்பவும் ஆணியில் மாட்டினாள்.

சுஜீவா படிவத்தை விரித்து, பேனையைத் தேடினாள்.