நான்கு நொடி

மாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தபோது, முன்னறையில் யாரோ மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவள் படியிலேயே நின்றாள். முதலில் ஒரு 'டிக்', பிறகு தூசி அடைத்த விசிறி தடுமாறிச் சுற்றும் கரகரப்பு, வெயிலுக்குப் பயந்து திரைகளை இழுத்து மூடியிருந்த அந்த மத்தியான இருட்டில் சுவரெல்லாம் படர்ந்த நீல வெளிச்சம், கூடவே சூடேறும் பிளாஸ்டிக்கின் வாடை. கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகியிருந்தது. இந்த வாரத்தில் இது நாலாவது தடவை.

துணியை நாற்காலியில் போட்டுவிட்டுப் பெட்டியின் பட்டனை அழுத்திப் பிடித்தாள். நான்கு நொடி பிடித்தால்தான் அது முழுசாக அணையும். அவள் கடிகாரம் பார்க்கவில்லை. விரலுக்கே பழகியிருந்தது.

"மறுபடியுமாம்மா?" என்று சமையலறையிலிருந்து மகள் கேட்டாள்.

"ஆமா. பழசாயிடுச்சு. தூக்கிப் போட்டுடலாம்."

"அப்பா போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. நாளைக்கு மெக்கானிக்க வரச் சொல்லியிருக்கேன்."

அவள் துணி மடித்தாள்.

கணவர் போய் ஐந்து வாரம் ஆகிறது. நில அளவை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்தவர், முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு நாளும் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்பார். பாதி நாள் அதுவும் கிடையாது, மேசையைத் தட்டுவார். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கமும் நாக்கும் போயின, இடது பக்கமும் துவண்டது. மிஞ்சியது இடது கையில் இரண்டு விரல். அழைப்பு மணியை அமுக்கக்கூட அந்த விரல்களுக்குத் தெம்பில்லை.

மகள்தான் வந்து ஒரு வழி செய்தாள். வயர் இல்லாத கீபோர்டு ஒன்றை அவர் கைக்கடியில் வைத்தாள். எந்த எழுத்தைத் தொட்டாலும் முன்னறையில் கம்ப்யூட்டர் ஆன் ஆகும். விசிறிச் சத்தம் கேட்டால் அப்பா கூப்பிடுகிறார் என்று அர்த்தம். மகளுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. அவளுக்கென்ன, ஏற்பாடு செய்துவிட்டு ரயில் ஏறிவிட்டாள். தலையணையைத் திருப்ப, போர்வையை இழுக்க, இழுத்த போர்வையை மறுபடி விலக்க, ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஓடியது யார்?

அவர் போன அன்று மகளிடம் அவள் சொன்னது இவ்வளவுதான். "சத்தமே வரலடி. தூங்குறார்னு நெனச்சுட்டேன்." மகள் அவள் மடியில் விழுந்து அழுதாள். "உன் மேல என்னம்மா தப்பு? நீ இல்லன்னா அவர் இத்தன நாள் இருந்திருக்க மாட்டார்" என்றாள். வாழ்நாளில் அவளுக்கு யாரும் அப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அதை வைத்துத்தான் இந்த ஐந்து வாரமும் சாப்பிட்டாள், தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மகளோடு அவள் வீட்டுக்கே போய்விடுவதாக ஏற்பாடு. பேரப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையாம், ஜன்னல் பக்கமாகக் கட்டிலாம்.

மெக்கானிக் மறுநாள் மத்தியானம் வந்தார். வாய் ஓயாத மனுஷன். பெட்டியைத் திறந்ததும் தும்மினார்.

"உள்ள ஒரு மூட்டை தூசி இருக்குதும்மா. இதுல செடியே வளர்க்கலாம்."

மகள் சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறதா? இல்லை. அதன் வயரையே பிடுங்கிப் பார்த்தார். கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி இருக்கிறதா? இல்லை. நேரம் குறித்து எழுப்பும் வசதி? அதுவும் இல்லை. பின்பக்கம் நகக்கண் அளவு செருகியிருந்த ஒரு துண்டைத் தொட்டு, "இது எதோட ரிசீவர்?" என்றார்.

"கீபோர்டோடது" என்றாள் மகள். "ஆனா அது பீரோவுக்குள்ள இருக்கு. பேட்டரி கூட இல்ல."

"அப்ப அது எப்படி எழுப்பும்? செத்த கீபோர்டாச்சே" என்று சொல்லிவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். துண்டைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். "சரி விடுங்க. எப்பெப்ப ஆன் ஆச்சுன்னு அதுவே எழுதி வச்சிருக்கும். பார்த்துடலாம்."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எழுதி வைக்குமா?"

"எல்லாம் வைக்கும்மா. எப்ப ஆன் ஆச்சு, எப்ப ஆஃப் ஆச்சு, யாராவது பட்டனைப் பிடிச்சு அணைச்சாங்களான்னு, ஒண்ணு விடாது."

"டீ போடட்டுமா?" என்றாள் அவள். பட்டன் வயரைத் திரும்ப மாட்டி, மானிட்டரை இழுத்து வைத்து மெக்கானிக் மவுஸை உருட்டினார். வரி வரியாகத் தேதிகள் மேலே ஏறின. மகள் அவர் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றாள். அறைக்குள் விசிறியின் கரகரப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தச் சத்தம் தன் பற்களுக்குள் ஓடுவதுபோல அவளுக்கு இருந்தது.

"அட, இதென்ன கூத்து?" என்றார் அவர். "அஞ்சு வாரத்துக்கு முன்னாடி, ஒரு வியாழக்கிழமை. ரெண்டு பத்துலேருந்து மூணு அம்பது வரைக்கும் முப்பத்தொரு தடவை ஆன் ஆகியிருக்கு. முப்பத்தொரு தடவையும் யாரோ பட்டனைப் பிடிச்சு அணைச்சிருக்காங்க. என்ன பொறுமைடா சாமி!"

மகள் நிமிரவில்லை.

அன்று காலையிலிருந்தே அவளுக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் படுக்க வேண்டும் என்று மட்டும்தான் ஆசைப்பட்டாள். ஆன் ஆனது, அணைத்தாள். மறுபடி ஆன் ஆனது, மறுபடி அணைத்தாள். பிறகு பாயை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, எழுந்திருக்காமலே கையை நீட்டி அணைத்தாள். முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கூப்பிட்டு அவள் போகவில்லை. அதில் ஒரு இனிப்பு இருந்தது. அதையும் அவளால் மறைக்க முடியாது. முப்பத்தொன்றுக்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. அவள் நன்றாகத் தூங்கினாள்.

மெக்கானிக் எதையோ புரிந்துகொண்டவர்போலச் சாமான்களைச் சீக்கிரம் எடுத்து வைத்தார். கீபோர்டால் எழுப்பும் வசதியை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பிளக்கையும் கழற்றிப் போட்டார். "இனிமே ஆன் ஆகாது மேடம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, தாயின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

"உனக்குக் கேட்டுச்சு" என்றாள் மகள்.

"தலவலிடி. நீ ஒரு நாள் இருந்து பார்த்திருந்தா தெரியும்."

மகள் கத்தவில்லை. அழவும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் கணவரின் அறைக்குள் போனாள்.

மருந்து நெடி இன்னும் போகவில்லை. மெத்தையின் நடுவே ஆள் படுத்த பள்ளம் அப்படியே இருந்தது. கொஞ்சம் உட்காரலாம் என்று நினைத்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள். பள்ளம் அவளுக்குச் சரியாக இருந்தது.

வலது கை மரத்திருந்தது. உதறப் பார்த்தாள். வரவில்லை.

மகளைக் கூப்பிட்டாள். நாக்கு அசையவில்லை. வாயோரம் எச்சில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. துடைக்க முடியவில்லை.

இடது கை விரிப்பின்மேல் கிடந்தது. வெறும் விரிப்பு. அடியில் ஒன்றுமில்லை. இரண்டு விரல்களை மட்டும் அசைக்க முடிந்தது. அசைத்தாள்.

முன்னறையில் 'டிக்'.

விசிறி சுற்றியது. பிளக் இல்லை. ரிசீவர் இல்லை. ஆனாலும் சுற்றியது.

நாற்காலி நகர்ந்தது. வருகிறாள். என் பெண் வந்துவிடுவாள். கதவு திறந்துதானிருக்கிறது. பத்தடி தூரம்.

காலடி வரவில்லை. நான்கு நொடி. விசிறி நின்றது.

"ஒண்ணு" என்றாள் மகள்.

கோபமே இல்லாத குரல். குழந்தைக்கு எண்ணச் சொல்லித் தருவதுபோல நிதானமாக இருந்தது.

வேண்டாம். விரலை அசைக்கக் கூடாது. அசைக்காமல் கிடந்தால் போதும். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தொண்டையில் எச்சில் கட்டிக்கொண்டு நின்றது. நெஞ்சு அடைத்தது. மூச்சு வேண்டும். யாராவது தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

விரல் தானாக அசைந்தது.

'டிக்.'

நீல வெளிச்சம் நடையைத் தாண்டி, கட்டிலின் கால்வரை வந்து நின்றது. பிறகு அணைந்தது.

"ரெண்டு."