கடைசிப் பத்துப் பக்கம்

ஞாயிறு காலை 10.20. மருந்துக்கடைக்காரர் திகில் நாவலின் 212ஆம் பக்கத்தைத் திருப்பினார். கொலைகாரன் யார் என்று தெரியப்போகிற இடம். மிச்சப் பத்துப் பக்கங்களைக் காணோம். பிளேடால் அறுத்த சுவடு மட்டும் இருந்தது. இதோடு ஐந்து புத்தகம்.

"நீதான வெட்டின?" என்று மனைவி மேல் பாய்ந்தார். பேய், கொலை, பைத்தியம் எல்லாம் வீட்டுக்குள் எதற்கு என்று மூக்கால் அழுகிறவள் அவள்தானே.

11.05. அவள் அம்மா வீட்டுக்குப் பெட்டியைக் கட்டிவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணன் இன்ஸ்பெக்டர். அரை மணியில் வந்து உட்கார்ந்தார்.

"புத்தகம் யார் குடுத்தது, மாப்ளே?"

"என் சிநேகிதன், மச்சான். கல்யாண வீடியோ எடிட் பண்றவன். இதப் படி, அதப் பாருன்னு அவன்தான் குடுப்பான்."

"முடிவு தெரியாம என்ன பண்ணுவீங்க?"

"அவனுக்குப் போன் போடுவேன். விலாவாரியா சொல்லுவான். ஒரு மணி நேரம் ஓடிடும்."

"சினிமாவும் குடுப்பாரா?"

"பென்டிரைவ்ல ஒண்ணு குடுத்தான். அதுவும் கடைசில நின்னு போச்சு. இவ வேலதான்."

இன்ஸ்பெக்டர் படத்தை ஓடவிட்டார். கதாநாயகி இருட்டறைக் கதவைத் திறந்தாள். இசை மெல்ல மெல்லத் தேய்ந்தது. திரை கருத்தது. அந்த இடத்தை மூன்று முறை பார்த்துவிட்டு நண்பரை வரச்சொன்னார்.

12.30. நண்பர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கெட்டுப்போன படம் பட்டுனு நிக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். "இதுல இசையத் தேய்ச்சு, திரையக் கருக்கி, பதமா முடிச்சிருக்கு. என் தங்கச்சிக்கு ரிமோட்டே தகராறு. தப்புப் பண்றப்பகூட உங்க கை தொழில் சுத்தத்த விடல. படத்த வெட்டினவர்தான் புத்தகத்தையும் வெட்டினவர்."

நண்பர் மறுக்கவில்லை. மருந்துக்கடைக்காரரைப் பார்த்துத்தான் பேசினார்.

"போன வருஷம் நீ என்னைக் கூப்பிட்டது ரெண்டே தடவடா. ஒரு பழைய புத்தகத்துல கடைசிப் பக்கம் தானா கழண்டு போயிருந்துச்சு. அன்னிக்குத்தான் ஒரு மணி நேரம் பேசின. அப்புறம் பிளேட எடுத்தேன். வீட்ல சண்டை வரும்னு நெனைக்கல. மன்னிச்சுடும்மா."

அவள் பெட்டியை உள்ளே தூக்கிப் போனாள். கணவரின் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. குற்றவாளியைப் பிடித்ததற்காக இன்ஸ்பெக்டர் முதல்முறையாக வருத்தப்பட்டார்.

"விடுடா," என்றார் மருந்துக்கடைக்காரர். "அடுத்து என்ன படிக்கலாம்? நல்லதா ஒண்ணு சொல்லேன்."

"புத்தகக் கடைல கேட்டா அவங்களே எடுத்துக் குடுப்பாங்க," என்று சொல்லிவிட்டு நண்பர் செருப்பை மாட்டிக்கொண்டார்.