தரையில் ஏறிய சூடு

ஜனவரி மாதத்து டெல்லியில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைத்தால் குளிர் முழங்கால்வரை ஏறும். அன்று காலை கட்டிலிலிருந்து காலை இறக்கிய ஏகாம்பரத்துக்கு அப்படி ஏறவில்லை. தரை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் படுத்து எழுந்துபோன இடம் போல.

அவர் காலை மேலே இழுத்துக்கொண்டார்.

சுற்றுச்சூழல் துறையில் அவருக்கு வேலை. நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், சர்க்கார் போட்ட நிபந்தனைகளின்படி நடக்கிறார்களா என்று பார்த்து எழுத வேண்டும். பீகாரில் ஒரு சுரங்கத்தைப் பார்த்துவிட்டு முந்தின நாள்தான் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியிருந்தார். அந்தச் சுரங்கத்தில் பூமிக்கடியில் கரி பல வருஷமாக எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலேயே தொழிலாளர்களின் குடியிருப்பு. ஒரு வீட்டுத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இதே வெதுவெதுப்பு. குளிருக்கு நல்லதுதான் சாகிப் என்று இந்தியில் சொன்னாள் அந்த வீட்டுக்காரி. உடனே காலி பண்ணச் சொன்னார். எங்கே போவது என்று அவள் கேட்டாள். அவர் சுரங்க மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பரிந்துரை எழுதலாம், அதற்குமேல் ஏகாம்பரத்துக்கு அதிகாரம் கிடையாது. மறுநாள் போனபோது அந்த வீடு இருந்த இடத்தில் ஒரு குழி புகைந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லையாம்.

"சாந்தா, இந்தத் தரையைத் தொட்டுப் பாரு."

சமையலறையிலிருந்து வந்த மனைவி சாந்தகுமாரியும் வெறுங்காலோடுதான் இருந்தாள். "நீங்க டூர் போனதிலேருந்தே இப்படித்தாங்க. இந்த வருஷம் சாக்ஸே வேண்டாம் போல."

"கரி வாடை அடிக்குதே?"

"பின்னாடி யாராவது அங்கீட்டி மூட்டியிருப்பாங்க."

குளிர்காய மூட்டும் கரியடுப்பின் வாடை அவருக்குத் தெரியாததா? இது வேறு; ஈரமும் கந்தகமும் கலந்து நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்தினால் இன்னும் கனத்து, குளியலறை வடிகாலிலிருந்தும் சுவரும் தரையும் சேரும் மூலையிலிருந்தும் அவசரமே இல்லாமல் வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்த வாடை.

குவார்ட்டர்ஸ் பராமரிப்பு ஆபீஸில் புகார் சொல்லப் போனார். குளிர்கிறது என்றுதான் எல்லாரும் வருவார்கள் பாபுஜி என்று குமாஸ்தா சிரித்தான். திரும்பியபோது எதிர்வீட்டு வேதாந்தம், ரிட்டையராகப் போகிற செக்‌ஷன் ஆபீசர், பால்கூப்பனோடு வாசலில் நின்றிருந்தார். அவரிடமும் கேட்டார்.

"எங்காத்துலயும்தான் சார். என் மூட்டுவலியே போயிடுத்து. இதைப் போய் யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணுவாளா?"

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தபோது மகள் அமுதா போர்த்தியிருந்த பஞ்சு ரஜாயை உதறிவிட்டுத் தரையில் குப்புறக் கிடந்தாள். கன்னம் தரையில்.

"நீச்சே, தரையில படுத்தா அச்சா இருக்குப்பா."

தூக்கிக் கட்டிலில் போட்டார். இறங்கினாள். மறுபடி தூக்கினார். மறுபடி இறங்கினாள். அவள் உடம்பு தீயாய்ச் சுட்டது. ஆனால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இல்லை.

"காலையில முனிர்காவில என் தம்பி ரூமுக்குப் போயிடலாம் சாந்தா."

"இந்தக் குளிர்ல எங்கேங்க போறது?" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே மகளுக்குப் பக்கத்தில் சாய்ந்தாள்.

அவர் மட்டும் கட்டிலில், காலை மடக்கிக்கொண்டு, விழித்திருக்கத்தான் பார்த்தார். எப்போது கண்ணயர்ந்தாரோ தெரியாது.

விடிந்தபோது தரையில் யாரும் இல்லை. கதவு திறந்து கிடந்தது.

வெளியே பனிமூட்டம். பால் பூத்தில் வரிசை இல்லை. சைக்கிள் மணி இல்லை. ஒரு காக்கைகூட இல்லை. செருப்பைத் தாண்டிச் சூடு உறைத்தது. வீடுகளுக்கு நடுவிலிருந்த புல்வெளிக்கு வந்து நின்றார்.

எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஸ்வெட்டர் இல்லாமல், போர்வை இல்லாமல், கன்னத்தை மண்ணில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தார்கள். வேதாந்தம். அவர் சம்சாரம். ஸ்கூல் சீருடையில் பிள்ளைகள். சுற்றிலும் புல் கருகியிருந்தது. தலைமுடிகளுக்கு இடையே புகை இழை இழையாய்.

"வேதாந்தம் சார்."

"சத்தம் போடாதீங்கோ," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

சாந்தா ஓரத்தில் கிடந்தாள். தோளைப் பிடித்துத் தூக்கினார். தலை லேசில் வரவில்லை. வந்தபோது, மண்ணில் பதிந்திருந்த கன்னத்தில் தோல் இல்லை.

அவள் சிரித்தாள். "எவ்வளவு இதமா இருக்கு பாருங்க."

அவர் பிடி தளர்ந்தது. அவள் மறுபடி படுத்துக்கொண்டாள்.

அமுதா நடுவில். அத்தனை உடம்புகளுக்கும் நடுவில். அவளை நோக்கி ஓரடி வைத்தார்.

புல்வெளி இறங்கியது. ஒரு விரல்கடை. நின்றது.

மறுபடி ஒரு விரல்கடை.

யாரும் எழுந்திருக்கவில்லை. அமுதா மட்டும், கண்ணைத் திறக்காமலே, ஒரு கையை எடுத்துத் தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை அப்பாவுக்காக மெல்லத் தட்டிக் காட்டினாள்.