சந்தைக்கு வராத பணம்

தோல் பதனிடும் ஷாப்பின் சங்கு திடீரென்று அலறியது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையே ஒரு கணம் பேச்சை நிறுத்தியது. மணி மூன்று. சாப்பாட்டு நேரமும் இல்லை, ஷிப்டு மாறும் நேரமும் இல்லை.

ஜெயசீலி கத்தரிக்காயைக் கீழே போட்டாள். தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லித் தருகிறவள். புழங்கும் பணத்தைப் பார்த்தே ஊருக்கு நாடி பிடித்துவிடலாம் என்பது அவள் கட்சி. அதற்காகவே வாராவாரம் இங்கே வருவாள். அன்றைக்கு நாடி சரியில்லை. காய்க்கார கங்கம்மா அப்போதுதான் அலுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்த சொல்றது டீச்சரம்மா? மூணு வாரமா காசு கண்ணுல படல. ஷாப்பு ஜனங்க வெலைய கேட்டுகினு போவுதுங்க, வாங்கறதில்ல."

சற்று நேரத்தில் சேதி சந்தைக்கு வந்தது. ஷாப்பில் வாரச் சம்பளப் பையைக் காணோம். காஷியர் தயாளனைப் பிடித்துவிட்டார்கள்.

தயாளன் அவள் தம்பி.

அவள் போனபோது வாசலில் போலீஸ் ஜீப் தயாராக நின்றது. தம்பி அதில் ஏறிவிட்டால் வேலையும் போச்சு, மானமும் போச்சு. இன்ஸ்பெக்டர் வேதாசலம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். பாங்கிலிருந்து வந்த பை இந்த ஆபீஸ் அறையில் மேஜைமேல் இருந்தது. சங்கு ஊதியதும் தீ விபத்தோ என்று எல்லோரும் கொட்டகைப் பக்கம் ஓடினார்கள். அங்கே தீயும் இல்லை, புகையும் இல்லை. யார் ஊதியது என்பதும் தெரியவில்லை. திரும்பி வந்தால் பை இல்லை. கேட் பூட்டியே இருந்தது. டிபன் கேரியர் முதற்கொண்டு சோதனை போட்டாயிற்று.

"கடைசியா ரூமை விட்டு வந்தவன் இவன்தான். வேற யாரு சார் எடுப்பாங்க?" என்றார் முதலாளி ஜெயவேலு.

ஃபேனுக்கு அடியில் சம்பத் என்பவர் உட்கார்ந்திருந்தார். ரிசர்வ் வங்கி அதிகாரியாம். புறநகரில் எவ்வளவு நோட்டு புழங்குகிறது என்று ஆராய வந்தவர், முதலாளியின் விருந்தாளி. சங்கு ஊதியபோது அவரும் இந்த அறையில்தான் இருந்தாராம். காலடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அதில் இருப்பது மாதிரி நோட்டுகள், சர்க்கார் சமாசாரம், தொட்டால் பம்பாயிலிருந்து கேள்வி வரும் என்று ஜெயவேலு தடுத்துவிட்டதால் அதை மட்டும் யாரும் திறக்கவில்லை.

ஜெயசீலி கெஞ்சவில்லை. சம்பத்திடம் போய்ப் பாடத்தில் சந்தேகம் கேட்பவள் போல் பேச்சுக் கொடுத்தாள்.

"சந்தையில எந்த நோட்டு சார் அதிகமா ஓடுது?"

"ஒரு ரூபாதாம்மா. இன்னும் கொஞ்சம் அடிச்சு விடணும்னு எங்க பாங்குக்கு எழுதியிருக்கேன்."

"அதுலயும் உங்க கவர்னர் கையெழுத்துதானே?"

"பின்னே? எல்லாம் எங்க நோட்டுதானே."

"இன்ஸ்பெக்டர் சார், உங்க பர்ஸ்ல ஒரு ரூபா நோட்டு இருந்தா எடுங்க. கையெழுத்து யாருதுன்னு பாருங்க."

வேதாசலம் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் புருவம் உயர்ந்தது. கையெழுத்து நிதித்துறைச் செயலாளருடையது.

"ஒரு ரூபாயை வெளியிடறது டெல்லி சர்க்கார். ரிசர்வ் வங்கி இல்ல. நோட்டுக் கணக்கு எடுக்க வந்தவருக்கு அது தெரியாதா?" என்றாள் ஜெயசீலி.

பெட்டி திறந்தது. மேலே பழைய நோட்டுகள். அடியில் பாங்கின் சீட்டு ஒட்டிய சம்பளக் கட்டுகள். கூட்டத்தோடு ஓடுவதுபோல் ஓடி, பாதியில் திரும்பியிருக்கிறான் ஆசாமி. தயாளன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சம்பத்தின் கையில் விலங்கு ஏறியது.

ஜெயசீலி நகரவில்லை.

"சங்கு ஊதினப்போ இவர் இந்த ரூம்லதான் இருந்தார் சார். அப்போ ஊதினது வேற ஆள்." தம்பியின் பக்கம் திரும்பினாள். "மூணு வாரமா சந்தையில பணமே இல்லையே தயாளா. இங்கே சம்பளம் ஒழுங்கா குடுத்தீங்களா?"

தயாளன் தயங்கினான். "பாதிதான்க்கா. வெளியே சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. இன்னிக்குத்தான் கடன் வாங்கி முழுசா எடுத்தோம். பைக்கு இன்ஷ்யூரன்ஸும் போட்டோம்."

"பை தொலைஞ்சா பணமும் மிச்சம், இன்ஷ்யூரன்ஸும் லாபம்" என்றாள் ஜெயசீலி.

வேதாசலம் சம்பத்தின் தோளைப் பற்றி, சங்கை ஊதியது யார் என்று கேட்டார். சம்பத் தன் கைவிலங்கைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

"ஏன் மொதலாளி, நீங்களே சொல்லிடறீங்களா, நான் சொல்லட்டுமா?"