எண்ணாத தலைகள்

வெர்னன் ப்ளாக்ஷா இரண்டாவது ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது டோரீன் லம் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். அவருக்குப் பின்னால் அவருடைய அண்ணன் மகன் கோலின் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"வெர்னன், நீங்க விபத்து விசாரணை ஆபீஸ்ல இருந்தவர்தானே? இதையும் கொஞ்சம் விசாரிங்களேன்."

"நான் விசாரிச்சது தடம் புரண்ட வண்டியை. மனுஷங்களை இல்ல," என்றார் வெர்னன்.

"இங்க தடம் புரண்டது மனுஷன்தான். மாரெக் திருடினான்னு என்னால நம்ப முடியல."

வெர்னன் கத்தியைக் கீழே வைத்தார். அந்தப் பயணக் கூட்டத்தில் நீராவி இன்ஜின் மேல் ஆசையே இல்லாத ஒரே ஆள் அவர்தான். மலை பார்க்க இதைவிட மலிவாக வர வழியில்லை என்பதற்காக வந்தவர். மற்றவர்களெல்லாம் இன்ஜின் பைத்தியங்கள். ஓய்வுபெற்ற பிளம்பர்கள், சிக்னல்காரர்கள், வாத்தியார்கள். அவர்களை இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டில் பஸ் ஏற்றி, கப்பலில் கடல் தாண்டி, இன்னும் நிலக்கரி எரிகிற ஊர்களுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது டோரீனின் தொழில். பெரிய கம்பெனிக்காரர்கள் விமானமும் சொகுசு ஓட்டலும் என்று போவார்கள். டோரீனின் ஆட்கள் விடுதியில் அறையைப் பங்குபோட்டுக்கொண்டு, டிரைவர் மாரெக் பஸ்ஸின் பின்படி ஓரத்தில் போட்டுத் தரும் டீயைக் குடித்துக்கொண்டு அதே இன்ஜினைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

நடந்தது இதுதான். முந்தின நாள் காலை, ஜெர்மனியின் ஹார்ஸ் மலையிலுள்ள அந்தச் சின்ன ரயில்பாதையின் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் படம் எடுப்பதற்காகப் பக்கத்து வயலில் வேலியோரமாக வரிசை கட்டி நின்றார்கள். ரயில் காலியாகப் பின்னால் போய், புகை கக்கிக்கொண்டு அவர்கள் முன்னால் மறுபடி ஓடிவந்தது. அந்த நேரத்தில் ஷெட்டில் ஆளில்லை. எல்லோரும் திரும்பி வந்ததும் ஷெட் தலைவர் வென்ட் கதவைப் பூட்டினார். மாலையில் திறந்தபோது, உள்ளே ஓடாமல் நின்ற ஒரு பழைய இன்ஜினின் எண் பொறித்த பித்தளைத் தகட்டைக் காணவில்லை. பஸ்ஸைச் சோதித்தார்கள். பின்படிக்கு அடியில் மாரெக் தன் கம்பளியை வைக்கும் பெட்டியில் தகடு இருந்தது. கண்டுபிடித்தவன் கோலின்.

"படம் எடுக்கும்போது நம்ம ஆளுங்க மொத்தப் பேரும் வரிசையில இருந்தாங்க," என்றார் டோரீன். "கோலின் தலையை எண்ணியிருக்கான். மாரெக் மட்டும்தான் ஷெட்டுப் பக்கத்துல பஸ்ல இருந்தான். மத்தியானம் போலீஸ்காரர் வந்து புகார் எழுதிட்டா, பஸ் முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பிடுவாராம். அந்த லைசென்ஸ்தான் அவனுக்குச் சோறு."

"முதலாளிக்கு யார் சொன்னது?"

"நான்தான் போன் பண்ணினேன்," என்றான் கோலின். அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

வெர்னன் அவனை நிமிர்ந்து பார்த்தார். "எண்ணினியா?"

"எண்ணினேன்."

அவன் எண்ணவில்லை. ஒரு தலையைக்கூட எண்ணவில்லை. பஸ்ஸோ ரயிலோ, வண்டி நகருமுன் தலை எண்ண வேண்டும் என்பது டோரீனின் சட்டம். யாரோ ஒருவரைப் போலந்தில் விட்டுவிட்டு வந்த காலத்திலிருந்து இருக்கிற சட்டம். ஆனால் நேற்று வெயில் பளீரென்று அடித்தது, கோலினும் ஒரு பைத்தியம்தான். கேமராவில் கண்ணைப் புதைத்துக்கொண்டு காத்திருந்தான். இன்ஜின் வளைவில் திரும்பும் நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. கிடைத்தது அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படம். மாலையில் அத்தனை பேர் முன்னிலையில் அத்தை "எண்ணினியாடா?" என்று கேட்டபோது, வாய் தானாக "எண்ணினேன்" என்றது. அடுத்த கணமே எல்லாக் கண்களும் மாரெக் பக்கம் திரும்பின. பொய்யைத் திரும்ப எடுக்க அப்போதே ஒரு வாய்ப்பு இருந்தது. அவன் எடுக்கவில்லை, அதற்குப் பதில் போன் செய்தான்.

"நான் உங்க கூட வர்றேன்," என்றான் வெர்னனிடம். "என்ன வேணும்னாலும் செய்றேன்." பொய்யை ஒப்புக்கொள்ளாமலே மாரெக்கைக் காப்பாற்ற ஏதாவது வழி கிடைக்காதா என்று அவன் மனசு அலைந்தது.

இருவரும் ஷெட்டுக்குப் போனார்கள். தார்ப்பாய்க்குப் பின்னால், கடைசி மூலையில் அந்தப் பழைய இன்ஜின் நின்றது. தகடு இருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. வெர்னன் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"தகடு போயிடுச்சு. போல்ட் நாலும் இருக்கே?"

இருந்தன. நான்கும் அதனதன் துளையில், வாஷரோடு, கையால் திருகப்பட்டிருந்தன.

"நாங்க யாரும் தொடல," என்றார் வென்ட். தட்டுத்தடுமாறிய ஆங்கிலம், ஆனால் கோபம் மட்டும் சரளமாக இருந்தது.

கோலினுக்கு உற்சாகம் பிறந்தது. "இந்த அளவு போல்ட் இப்போ கடையில கெடைக்காதுங்க. ஒண்ணு தொலைஞ்சா லேத்துல கடைஞ்சுதான் ஆகணும். அதனாலதான் கழட்டினதும் அதே ஓட்டையில போட்டுடுவோம். எங்க ஆளுங்க எல்லாருக்கும் கை பழக்கம்."

"மாரெக்குக்கு?"

"அவனுக்கு நீராவி இன்ஜினும் பால் வண்டியும் ஒண்ணுதான். அவனா இருந்தா போல்ட்டைக் கீழ போட்டுட்டுப் போயிருப்பான்."

"அப்போ, இன்ஜினை மதிக்கிற ஒருத்தன் திருடியிருக்கான். தகடு போனாலும் போல்ட் போகக்கூடாதுன்னு நினைச்சவன்." வெர்னன் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தார். "ஆனா அப்படிப்பட்டவங்க எல்லாரும் வரிசையில இருந்தாங்களே. நீதான் எண்ணியிருக்கியே."

"ஆமா," என்றான் கோலின்.

விடுதிக்குத் திரும்பியதும் வெர்னன் ஒரு வினோதமான வேலை செய்தார். பயணிகளை ஒவ்வொருவராகத் தோட்டத்துக்கு வரவழைத்தார். யார் எங்கே நின்றீர்கள் என்று கேட்கவில்லை. ஒரே கேள்விதான்: நேற்று உங்கள் படத்தைக் கெடுத்தது யார்?

பழைய சிக்னல்காரர் ஹெக்டர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஆரம்பித்தார். "யாரா? இந்த ஐவிதான். முக்காலியை நகட்டி நகட்டி என் மூக்குக்கு நேரா கொண்டாந்து வச்சுட்டா. போதாக்குறைக்கு அந்த மேகம் வேற."

ஐவி வந்தார். "ஹெக்டரா சொன்னாரு? அந்த மனுஷன் இருமியே என் ஒலிப்பதிவைக் கொன்னுட்டாரு. இன்ஜின் சத்தத்தைவிட அவர் நெஞ்சுச் சளிச் சத்தம்தான் ஜாஸ்தி. படமும் போச்சு. காலையிலேர்ந்து அடிச்ச வெயில், சரியா அந்த நிமிஷம் பார்த்து ஓடி ஒளிஞ்சிக்கிச்சு."

அடுத்தவர் ஹெக்டரின் பையைத் திட்டினார். அதற்கடுத்தவர் முன்னால் நின்றவரின் முழங்கையைத் திட்டினார். ஒருவரையொருவர் திட்டாத ஆளே இல்லை, மேகத்தைத் திட்டாதவரும் இல்லை.

கடைசியாக கிளைவ் ஓல்ட்ராய்ட் வந்தார். தொழிற்பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கு மேலே வண்டிச் சக்கரம் போல ஒரு தொப்பி. பயணத்தில் படம் எடுக்க நின்ற ஒவ்வொரு இடத்திலும் "கிளைவ், தொப்பி" என்று பின்னாலிருந்து கத்துவது கூட்டத்துக்கு ஜெபம் மாதிரி ஆகியிருந்தது. எப்போதும் இன்ஜினுக்கு அடுத்த பெட்டியின் திறந்த மேடையில் தனியாக நின்றுதான் பயணம் செய்வார். நேற்று மதியம் ரயிலில் போனபோதும் அங்கேதான் இருந்தார். மாலையில் எல்லோருக்கும் திருட்டுப் பேச்சே சரியாக இருந்தது, கெட்டுப்போன படங்களைப் பற்றி யாரும் அவரிடம் பேசியிருக்கவில்லை.

"என் படத்தையா? யாரும் கெடுக்கலப்பா," என்றார் கிளைவ். "அருமையா வந்துச்சு. வெயில் நேரா இன்ஜின் மூஞ்சில. இந்த வருஷத்துலயே நல்ல படம் அதுதான்."

கோலின் நிமிர்ந்தான். வெயிலா? அந்தச் சாம்பல் படம் இன்னும் அவன் கேமராவில் கிடக்கிறது. இந்த ஆள் வயலில் இல்லை. கிளைவ் போனபின், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். சொன்னால், அப்புறம் எப்படி எண்ணினாய் என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டான். இப்போது அவனுக்குத் திருடனும் தெரியும், நிரபராதியும் தெரியும். தெரிந்தும் சும்மா நிற்கிறான். இதைவிடக் கேவலமாகத் தன்னை அவன் என்றும் உணர்ந்ததில்லை.

"என்ன, ஏதாவது சொல்லணுமா?" என்றார் வெர்னன்.

"ஒண்ணுமில்ல."

வெர்னன் தலையாட்டினார். கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

பதினொன்றரை மணிக்குச் சாப்பாட்டு அறையில் எல்லோரும் கூடினார்கள். வென்ட் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். மாரெக் கதவருகே நின்றான், யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"திருடினவன் போல்ட்டைத் திரும்ப மாட்டியிருக்கான்," என்று வெர்னன் தொடங்கினார். "அது டிரைவர் செய்ற வேலை இல்ல, உங்கள்ல ஒருத்தர் செய்ற வேலை. சரி, யாரு? படம் எடுக்கும்போது உங்களுக்குப் பக்கத்துல நிக்கிறவன் மனுஷனா மரமான்னுகூடத் தெரியாது. எல்லாரும் இன்ஜினைத்தான் பார்ப்பீங்க. ஆனா படத்தைக் கெடுத்தவனைச் சாகிற வரைக்கும் மறக்க மாட்டீங்க. அதனால அதைக் கேட்டேன். எல்லார் பேரும் ஒரு தடவையாவது அடிபட்டுச்சு. ஒரே ஒருத்தரைப் பத்தி மட்டும் யாரும் புகார் சொல்லல. அவரோ கூட்டத்துலயே உயரமானவர். பெரிய தொப்பி வேற."

தலைகள் மெல்லத் திரும்பின. கிளைவ் சிரித்தார். "நேத்து ஒரு ஓரமா நின்னேன், அதுக்குப் பரிசா இது? கோலின் எண்ணினானே. எல்லாரும் இருந்தோம்."

"ஆமா," என்றார் வெர்னன். "அது ஒண்ணுதான் இடிக்குது. அந்த எண்ணிக்கை சரின்னா, நான் சொன்னதெல்லாம் தப்பு. மாரெக்தான் திருடன்."

அவர் கோலினைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். கோலின் எழுந்தான்.

"நான் எண்ணல."

"என்னடா சொல்ற?" என்றார் டோரீன்.

"எண்ணவே இல்ல அத்தை. நானும் படம்தான் எடுத்துக்கிட்டிருந்தேன். நீங்க கேட்டதும் பொய் சொல்லிட்டேன்." பிறகு, நிறுத்தினால் மறுபடி வராது என்ற பயத்தில் தொடர்ந்தான். "கிளைவும் பொய் சொல்றாரு. வெயில் இன்ஜின் மேல அடிச்சுதாம். இன்ஜின் வர்றப்போ வெயிலே இல்ல."

"மேகம்," என்றார் ஹெக்டர், மெதுவாக.

"ஷெட்டுக்குள்ள இருந்தவருக்கு மேகம் தெரியாது," என்றார் வெர்னன். "விசில் மட்டும் கேட்டிருக்கும். அதுக்கு முன்னாடி அடிச்ச வெயிலை வச்சுச் சொல்லிட்டாரு. கிளைவ், அந்த நல்ல படத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

கிளைவின் கேமரா அவர் கழுத்தில்தான் தொங்கியது. அதை அவர் தொடவில்லை. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தார்ப்பாய்க்குப் பின்னால கெடந்துச்சு," என்றார். "ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கல. நான் நல்லா வச்சுக்குவேன்னு நெனச்சேன். சுங்கத்துல டிரைவர் பெட்டியைத் தொட மாட்டாங்க. ஊருக்குப் போனதும் எடுத்துக்கலாம்னுதான். மாரெக்கை மாட்டிவிடணும்னு சத்தியமா நினைக்கல."

"மாட்டினதுக்கு அப்புறம்?" என்று கேட்டார் வெர்னன்.

அந்தக் கேள்வி தனக்கும் சேர்த்துத்தான் என்று கோலினுக்குப் புரிந்தது. ஒருவர் தகட்டை எடுத்தார், இன்னொருவன் எடுக்கவில்லை. மற்றபடி இரண்டு பேரும் ஒன்றுதான்.

போலீஸ்காரர் வந்தபோது கிளைவ் அவரோடு போனார். இனி இந்தக் கூட்டத்தை ஷெட்டுக்குள் விடுவதா என்பதை அடுத்த வருஷம் யோசிக்கலாம் என்று வென்ட் சொல்லிவிட்டுத் தகட்டை எடுத்துக்கொண்டு நடந்தார். டோரீன் பஸ் முதலாளிக்குப் போன் போட்டு, மணி அடிக்கும்போதே அதைக் கோலினிடம் நீட்டினார். "நீதானே சொன்ன. நீயே மாத்திச் சொல்லு." அவன் சொன்னான். மறுமுனையில் வந்த வசவை முழுக்கக் கேட்டுக்கொண்டான். மாரெக்கின் வேலை பிழைத்தது.

எல்லோரும் பெட்டிகளைக் கட்டப் போனார்கள். மாரெக் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கோலின் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"மாரெக், என்னை மன்னிச்சிடு. நான் எண்ணியிருந்தேன்னா உனக்கு இது வந்திருக்காது."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ எண்ணலைன்னு." மாரெக் துணியைப் பிழிந்தான். "இந்த சீட்லேர்ந்து வயல் நல்லாத் தெரியுது. நீ கேமராவுலேர்ந்து கண்ணையே எடுக்கல. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்போ நேத்தே ஏன் சொல்லல?"

"சொன்னா, திருட்டுப்பய தப்பிக்கப் பார்க்கிறான்னு சொல்லியிருப்பீங்க." அவன் கண்ணாடியின் ஒரு மூலையைத் திரும்பத் துடைத்தான். "அதோட, உன்னை எனக்கு நாலு வருஷமாத் தெரியும். எப்படியும் நீயே வந்து சொல்லிடுவேன்னு நெனச்சேன். ராத்திரி ரூம் கதவைக்கூடப் பூட்டாமத்தான் படுத்திருந்தேன்."

அவன் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறி, பயணிகளுக்காகக் கதவைத் திறந்துவிட்டான்.