இடப்பக்கம் முறுக்கிய நூல்

"அதுல கை வைக்காதீங்க."

நெவெனா சொன்னது அவ்வளவுதான். சத்தமாகக்கூட இல்லை. ஆனாலும் ஏரிக்கரையில் நின்ற பதினாலு பேரும் திரும்பிப் பார்த்தோம். காட்டுப் பேரி மரத்தடியில் கத்தரிக்கோலோடு நின்ற தோப்ரின் மட்டும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பினான். அதற்குள் கத்தரிக்கோல் தன் வேலையை முடித்திருந்தது. சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு முழ நூல்... அவன் தோளில் தொங்கிய கோணிப்பைக்குள் விழுந்தது. உள்ளே ஏற்கெனவே அதே மாதிரி ஆயிரம் நூல் கிடந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதல் பார்வை என்று கதைகளில் ஒன்று வருமே, அதுதான். ஆனால் இவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவன் கண்ணோ மழைக்கு முந்தைய எங்கள் ஏரி மாதிரி, சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது.

எங்கள் பூர்காஸ் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்ச் முதல் தேதி எல்லோரும் மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கொள்வோம். மார்தெனிட்சா. வேண்டியவர்கள் கட்டிவிட வேண்டும், தானே கட்டிக்கொள்ளக் கூடாது. முதல் செங்கால் நாரையைப் பார்க்கிற வரைக்கும் அது கையில் இருக்கும். பார்த்த அன்றைக்குக் கழற்றி ஒரு மரத்தில் கட்டிவிடுவோம். கட்டிவிட்டு மறந்தும் போவோம். மறக்காதவை குருவிகள்தான். ஏரிக்கரையில் தொங்கு கூடு கட்டும் சின்னக் குருவி ஒன்று உண்டு. அது நூலை உருவிக்கொண்டு போய்க் கூட்டில் வைத்துப் பின்னும். போன வருடம் ஒரு குஞ்சின் காலில் நூல் சுற்றிக்கொண்டது. கூட்டுக்கு வெளியே தலைகீழாகத் தொங்கிச் செத்திருந்தது. அதிலிருந்து ஏப்ரல் மாத ஏரி நடை என்றால் பறவை பார்ப்பது பாதி, மரம் மரமாக நூல் வெட்டுவது பாதி என்றாகிவிட்டது. நடத்துகிறவன் தோப்ரின். வாரத்தில் ஐந்து நாள் ட்ராலி பஸ்களுக்கு மின்கம்பி சரிபார்ப்பான். மிச்ச இரண்டு நாளும் இந்த ஏரிதான். முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. இதெல்லாம் நானாகக் கேட்கவில்லை, மீன் கடை வரிசையில் நிற்கும்போது தானாகக் காதில் விழுந்தவை.

நெவெனா எங்கள் கட்டடத்தில் நாலாவது மாடி. மருந்துக்கடையில் வேலை. அன்றைக்கு அவள் பறவை பார்க்க வரவில்லை. அப்பா கிரஸ்த்யு இறந்து நாற்பதாம் நாள். ஏப்ரலிலிருந்து குஞ்சு பொரிக்கும் காலம் முடியும்வரை ஏரியின் வாசல் பூட்டிக் கிடக்கும், நடைக்கு மட்டும்தான் திறப்பார்கள். அதனால்தான் கூட்டத்தோடு வந்தாள். சர்க்கரையும் வாதுமையும் தூவிய வேகவைத்த கோதுமையைச் சின்னச் சின்னக் கப்புகளில் கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். தோப்ரினும் ஒன்று வாங்கிக்கொண்டு, வழக்கப்படி "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்றான். பத்து நிமிடம் கழித்து அந்த மனிதருடைய நூலை வெட்டினான்.

"அது எங்கப்பா எனக்குக் கட்டினது" என்றாள் நெவெனா.

"மரத்துல கட்டக் கூடாதுன்னு... வாசல்லயே போர்டு இருக்குங்க."

நாங்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தோம். இந்த மனிதனுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"மார்ச்ல அவரைப் புதைச்சுட்டு நேரா இங்க வந்துதான் கட்டினேன். போர்டு படிக்கிற நெலமையில வரல."

அவன் முகம் வெளுத்தது. பையை இறக்கி அவள் முன்னால் வைத்தான். "எடுத்துக்கோங்க. ஆனா இதுல ஆயிரத்துக்கு மேல இருக்கு. எது உங்களுதுன்னு..."

"இடப்பக்கம் முறுக்கினது. கடையில விக்கிறதெல்லாம் வலப்பக்கம் முறுக்கியிருக்கும். எங்கப்பாவுக்குப் பக்கவாதத்துல வலது கை போயிடுச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து, ஒரு நுனியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, இடது கையால முறுக்கினார். அரை மணி நேரம். நான் பண்றேன்பான்னு சொன்னேன், கேக்கல."

துறைமுகத்தில் முப்பது வருடம் பாரந்தூக்கி ஓட்டிய கை அது. கப்பல் கப்பலாகச் சரக்கைத் தூக்கிய கை கடைசியாகச் செய்த வேலை ஒரு முழ நூல்.  

மழை தூற ஆரம்பித்தது. நெவெனா பைக்குள் கையை விட்டாள். ஒரு பிடி எடுத்தாள். நனைந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட சிவப்பும் வெள்ளையும்.  அப்படியே திரும்பப் போட்டுவிட்டு, கோதுமைத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, குடை இல்லாமல் பாதையில் நடந்து போனாள். தட்டில் ஏழு கப் மிச்சம் இருந்தது. இறந்தவர் பேரால் கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்று, வீட்டுக்குப் போகிற வழியிலேயே தீர்த்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் நானும் ஏரிக் குழுவில் சேர்ந்தேன். படிவத்தில் 'பறவைகள் மேல் பிரியம்' என்று எழுதினேன். எனக்குக் காக்கைக்கும் நாமக்கோழிக்கும் வித்தியாசம் தெரியாது என்பது வேறு விஷயம்.

குழுவின் மரக்குடிலில் தினமும் சாயங்காலம் தோப்ரின் உட்கார்ந்திருந்தான். மேஜை விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, பக்கத்தில் கோணிப்பை. ஒவ்வொரு நூலாகப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, முறுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து வலது குவியலில் போட்டுக்கொண்டிருந்தான். இடது குவியல் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

"ஏம்ப்பா, கண்ணு போயிடும்" என்றேன்.

"போகட்டும் பென்கா அத்தை. எனக்குக் கண்ணே இல்லன்னுதானே அவங்க நெனச்சிருப்பாங்க."

"அவங்கன்னா?"

"டீ ஆறிடும், குடிங்க."

"சட்டப்படி நீ செஞ்சது சரிதானே? குருவி சாகும்ல?"

"சரிதான்." ஒரு நூலை வெளிச்சத்தில் திருப்பினான். "சரின்னா மட்டும் தூக்கம் வந்துடுதா..."

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை காலை எங்கள் கட்டடத்துக்கு வந்தான். எந்த மாடி என்று யார் சொன்னார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே படிக்கட்டைத் துடைக்க வேண்டியிருந்ததால் நான் அங்கே இருந்தேன். வியாழக்கிழமையும் துடைத்திருந்தேன்தான். அழுக்கு சேர்ந்துவிடுகிறதே.

நெவெனா கதவைத் திறந்தாள். தலை ஈரமாக இருந்தது. அவனைப் பார்த்ததும் கதவைச் சாத்தவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அவன் சட்டைப்பையிலிருந்து மடித்த செய்தித்தாளை எடுத்து, வாசலில் முழங்கால் போட்டு விரித்தான். வரிசையாக நூல்கள்.

"ஆயிரத்து நானூறுல... இடப்பக்கம் முறுக்கினது பதினொண்ணு இருந்துச்சு. ஊர்ல இடதுகைக்காரங்க இவ்ளோ பேர் இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. இதுல ஒண்ணு நிச்சயமா உங்களுது. பாத்தா உங்களுக்குத் தெரிஞ்சுடும்."

அவளும் குனிந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டாள். முதலில் வேகமாக... அப்புறம் மெதுவாக... அப்புறம் முதலிலிருந்து மறுபடியும். மழை, வெயில், காற்று, காக்கை எச்சம் எல்லாம் பட்டு எல்லா நூலும் ஒரே பழுப்பாகி இருந்தது. ஐந்தாவதைக் கையில் எடுத்தாள். வைத்துவிட்டாள். ஒன்பதாவதை எடுத்தாள்.

"இதுவா?" என்றான் அவன்.

"தெரியல."

"அவசரமில்ல, நிதானமா..."

"தெரியலங்க. எங்கப்பா கைவேலை. எனக்கே தெரியல." குரல் உடையவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எடுத்துட்டுப் போங்க. தயவுசெஞ்சு இனிமே வராதீங்க."

கதவு மூடியது. அதற்குப் பின்னால் அவள் என்ன நினைத்தாள் என்பது ரொம்ப நாள் கழித்து அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா போய் இரண்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் அவர் கை மறந்துவிட்டது. அடுத்தது குரல் மறக்கும். அப்புறம் முகம்... அந்த ஒரு நூல் தொலைந்துபோனது என்றே இருந்திருந்தால் அதன்மேல் பழி போட்டிருக்கலாம். அவன் தேடிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டான். இப்போது தொலைத்தது அவள்தான் என்றாகிவிட்டது. அதற்காக அவனை எப்படி மன்னிப்பது?

தோப்ரின் முழங்காலிலேயே இருந்தான். பிறகு செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்து, ஈரப் படியில் பார்த்து இறங்கினான். என்னைத் தாண்டும்போது நின்றான்.

"நான் வந்திருக்கக் கூடாதோ?"

எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு. அன்றைக்கு வாளித் தண்ணீரை மாற்றப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் ரோஷக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மருந்துக்கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போனவன், அவள் இருப்பதைப் பார்த்துவிட்டு இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைக்குப் போனான். தலைவலி அதிகமாகியிருக்கும். மீன் கடையில் அவள் அவனை விளக்குக் கம்பத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மே மாத நடைக்கு அவள் வரவில்லை. நான் போனேன். அவன் கூழைக்கடாவைக் காட்டி நாரை என்றான். எனக்கே தெரிந்தது அது தப்பென்று.

ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடைக்கு, நான் கூப்பிடாமலே நெவெனா வந்து ஏரி வாசலில் நின்றாள். கறுப்பு உடுப்புத்தான். முகம் சின்னதாகியிருந்தது. நேராக அவனிடம் போனாள்.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும். இந்த வருஷம் அந்தக் குருவிக் குஞ்சுங்க... பொழச்சுதா?"

"வந்து பாருங்க" என்றான். நாணலுக்குள் மறைந்து பார்க்கிற தகரக் குடிலுக்கு அழைத்துப் போனான். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். எனக்குக் கால் வலித்ததால் நானும் குடிலிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்துவிட்டு விலகி நின்றான்.

அவள் குனிந்து பார்த்தாள். வில்லோ கிளை நுனியில் பஞ்சுப் பை மாதிரி ஒரு கூடு. அதன் வாயில் மஞ்சள் ஓரம் போட்ட அலகுகள்.

"அஞ்சு" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"ஆறு. ஒண்ணு சோம்பேறி, பின்னாலயே கிடக்கும்."

அவள் உதட்டில் ஏதோ வந்து போனது. சிரிப்பு என்று சத்தியம் பண்ண மாட்டேன். தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு... பிறகு சரசரவென்று.

"நெவெனா" என்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். அன்னிக்கு நான் தெரியாம வெட்டல. அது உங்களோடதுன்னு தெரிஞ்சேதான் வெட்டினேன்."

அவள் டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"மார்ச்ல நீங்க வந்து கட்டினப்போ நான் இந்தக் குடில்லதான் இருந்தேன். நாரைங்க வர்ற நாள், எண்ணி எழுதிட்டிருந்தேன். நீங்க நடந்து வந்தீங்க. மேல பாத்தீங்க. கையில இருந்த முடிச்சைப் பல்லால அவுத்தீங்க. கட்டினப்புறம் மரத்தைப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னீங்க. நான் வெளிய வந்து, இங்க கட்டக் கூடாதுங்கன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல. ஏப்ரல்ல மத்த மரமெல்லாம் முடிச்சு, அதைக் கடைசியா வெச்சேன். பதினாலு பேர் முன்னாடி ஊர்க்காரங்க நூலையெல்லாம் வெட்டிட்டு, இதை மட்டும் விட்டா... இது யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. கூச்சம். கூச்சத்துல உங்கப்பா நூலை வெட்டிட்டேன்."

"அதை இப்ப ஏன் சொல்றீங்க?"

"சொல்லாம உங்க பக்கத்துல நிக்க முடியல."

 எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கைகள் டெலஸ்கோப்பின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தன. 

"அன்னிக்கு எத்தனை நாரை வந்துச்சு?" என்றாள்.

"நூத்திப் பன்னிரண்டுன்னு எழுதியிருக்கேன். அதுக்கு மேலயும் வந்துச்சு."

"எழுதலையா?"

"அதுக்கப்புறம் மேல பாக்கல."

அவள் தலை குனிந்தது. கண்ணில் முட்டி நின்ற தண்ணீர் எங்கள் முன்னால் முதல் தடவையாகக் கன்னத்தில் இறங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"அன்னிக்கு இந்தக் கரையில ஒரு மனுஷர்கூட இல்லன்னு நெனச்சேன்" என்றாள். "அப்பாவைப் புதைச்ச அன்னிக்கே, கேக்க ஆளில்லாம, இவ்ளோ பெரிய ஏரிக்கு முன்னாடி தனியா... அதை நெனச்சுத்தான் தினமும் அழுதேன். நூலுக்காகன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கிட்டேன்."

"நான் இருந்தேன்."

"தெரியல பாருங்க எனக்கு..."

"நான் இருந்தேன் நெவெனா. அன்னிலேர்ந்து இருக்கேன். நீங்க வராதீங்கன்னு சொன்னப்புறமும் இருக்கேன். நீங்க போன்னு சொன்னாலும்... உங்களைப் பிடிச்சிருக்குன்னு எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. போர்டுல எழுதி வெக்கிற ஆளு நான்."

அந்த நேரத்தில்தான் எனக்கும் கொஞ்சம் வெட்கம் என்று ஒன்று வந்தது. மெதுவாக எழுந்து, கொட்டுகிற மழையில், குடையைக்கூட எடுக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் தகரக் கதவு. சரியாகச் சாத்தாது.

"தோப்ரின்" என்றது அவள் குரல்.

"சொல்லுங்க."

"இந்த 'நீங்க' வேண்டாம்... 'நீ'ன்னு சொல்லு."

 பிறகு அவன் சொன்னான். அந்த ஒரே எழுத்தைச் சொல்ல அவனுக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.